நீ எடுத்துக்கொண்ட தீர்த்தம்

அக்கா,

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் நான்கு நாள். குளத்தில் கொட்டிய பிளீச்சிங் பவுடர் நெடி காலையிலேயே நம் தெருவுக்கு வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் அது திருவிழா வாசனை. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"புழுக்கமா இருக்குது, எதுக்குச் சாத்துற?" என்றார் பாவா. நம் மாமன் மகன்தான். ஐம்பது வருஷமாக என்னைச் சகித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் முதன்முதலில் என்னைச் சரியாகப் பார்த்தது உனக்குத்தான் தெரியும். கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்க இறங்கியவர், நான் மேலே நின்றதால் ஏறி வரவே மனசில்லாமல் அரைநாள் உள்ளே துழாவிக்கொண்டிருந்தார். "கொடம் கெடைச்சு எவ்ளோ நேரமாச்சு பாவா?" என்று கேட்டு நீ அவர் மானத்தை வாங்கினாய்.

நைனாவுக்குத்தான் பிடிக்கவில்லை. யுத்த காலம். பாவாவுக்கு அரக்கோணத்தில் ரயில் பெட்டிகளைக் கோக்கிற வேலை. "தண்டவாளத்துல நிக்கிறவன் இன்னிக்கி இருப்பான், நாளைக்கி இருக்கமாட்டான். சாமி உத்தரவு குடுத்தா பார்க்கலாம்" என்றார். உத்தரவு வராவிட்டால் ஆர்.கே.பேட்டை வரனுக்கு என்னைக் கொடுப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

அம்மா இல்லாத வீட்டில் சாமியிடம் பூக்கட்டிக் கேட்க நீதானே இருந்தாய். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு என்று ஏற்பாடு; வெள்ளை வந்தால் உத்தரவு. வாழையிலையில் சுற்றி, நாரால் முடிந்து, மலைமேல் சன்னதியில் வைத்தாய். யாரோ ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. நைனா விபூதி பூசிக்கொண்டார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே குளத்தில் விட வேண்டும். அதை மடியில் செருகிக்கொண்டு நீ விடுவிடுவென்று இறங்கினாய்.

அன்று காலைதான் தமுக்கடித்துச் சொல்லியிருந்தார்கள். ஊரில் வாந்திபேதி, குளத்துத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள் என்று. மூன்று பேரும் கேட்டோம்.

நீ விட்ட பொட்டலம் தண்ணீர் பட்டதும் அவிழ்ந்துகொண்டது. மிதந்தவை அத்தனையும் வெள்ளைப் பூ. நான் உனக்குப் பின்னால் படியில் நின்றிருந்தேன். மேல்படியில் வந்துகொண்டிருந்த நைனா, "இன்னாம்மா அங்க?" என்றார். நீ முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு கையால் பூக்களை வாரிச் சேற்றில் அழுத்திக்கொண்டே மறு கையால் தண்ணீரை அள்ளிக் குடித்தாய்.

"தீர்த்தம் எடுத்துக்கினேன் நைனா."

"தமுக்குப் போட்டுகினு போனது காதுல விழல?"

"சாமி தண்ணி இன்னா பண்ணும்?"

மூன்றாம் நாள் போய்விட்டாய். தை மாதம் எனக்குக் கல்யாணம்.

நன்றாகத்தான் வாழ்ந்தேன் அக்கா. ரயிலும் அவரை ஒன்றும் செய்யவில்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது பெட்டி கோத்த அந்தக் கைகள் என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டன. இன்றுவரை நான் உட்காராமல் அவர் சோற்றில் கை வைப்பதில்லை. ஆனால் அவர் வர ஒரு பாசஞ்சர் தாமதமானாலும், பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும், சாமி கணக்குத் தீர்க்க வந்துவிட்டார் என்றே நினைப்பேன். சந்தோஷமாக இருந்த நாட்களில் அந்தப் பயம் இன்னும் அதிகம்.

இப்போதும் பக்கத்தில் வந்து, "யாருக்கு எழுதிகினு இருக்கே?" என்று கேட்டார். சொன்னேன். "நானும் கும்பிட்டேன்னு எழுது. நம்மளச் சேர்த்து வெச்சவ" என்றார். அவருக்குப் பூ விஷயம் தெரியும். மற்றது தெரியாது.

உனக்கும் தெரியாது. நீ எனக்கு முதுகைக் காட்டி நின்றாய். உன் கை தண்ணீரை அள்ளி மேலே வருவதை நான் பார்த்தேன். "வேணாம்க்கா" என்று சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் நைனா ஓடி வருவார், பூக்களைப் பார்ப்பார், பாவா எனக்கில்லை என்று ஆகிவிடும்.

நீ குடித்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன், அக்கா.