கடைவாசலில் ஒரு தோள்

நவம்பர் 14

நேற்றுப் பெய்த மழை அப்படியே உறைந்துவிட்டது. தெரு முழுக்கக் கண்ணாடி.

மகள் இங்வில்ட் தெற்கே ஸ்டவாங்கரிலிருந்து பார்சல் அனுப்பியிருக்கிறாள். பூட்ஸுக்கு மேல் இழுத்து மாட்டுகிற ரப்பர் பட்டை, அடியில் பத்து இரும்பு முள். நார்வேயின் வடகோடியில், இந்த ட்ரோம்சோவில் நாற்பது வருடம் பஸ் ஓட்டியவனுக்கு முள்பட்டை.

போனிலும் பிடித்துக்கொண்டாள். "அப்பா, போன வருஷம் மாதிரி கைய ஒடச்சிக்கிட்டு நிக்காதீங்க. இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா பேச்சே கெடையாது, நேரா எங்க வீட்டுக்கு வந்துடணும். சரின்னு சொல்லுங்க."

சரி என்றேன். என் மனைவி தூரித்தை ஏப்ரலில்தான் மேட்டுக் கல்லறையில் வைத்தோம். அவளை இங்கே விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

நவம்பர் 17

வெளியே போகவில்லை.

நவம்பர் 19

போகவில்லை. காபித்தூள் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 20

முள்பட்டையை மாட்டிக்கொண்டேன். குனிந்து இழுத்து மாட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. நடந்தால் கரக், கரக் என்று ஊருக்கே கேட்கிறது. ஆனால் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. யோசித்தால், என் பஸ்ஸையும் ஆணி அடித்த டயரில்தான் ஓட்டினேன். பஸ்ஸுக்கு வயதாகிவிட்டது என்று எவனும் சொன்னதில்லை.

டிசம்பர் 3

தினமும் கடைக்குப் போகிறேன். ஒரு நாளுக்கு ஒரு பொருள்தான் வாங்குவது. இன்றைக்குப் பால், நாளைக்கு உருளைக்கிழங்கு. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கிவிட்டால் மறுநாள் எங்கே போவது?

இன்று முழுக்க நான் பேசியது: "பை வேண்டாம்."

டிசம்பர் 9

விழுந்துவிட்டேன். ஐஸில் இல்லை. கடைக்குள்.

முள்ளோடு கல் தரையில் நடந்தால் ஐஸைவிட மோசமாக வழுக்கும். இந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும், வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நானும் உட்கார்ந்து கழற்றுகிறவன்தான். கிறிஸ்துமஸ் மரம் வைப்பதற்காகப் பெஞ்சை எடுத்துவிட்டார்கள். நின்றுகொண்டு கழற்ற ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் தூரித்தின் தோள் இருந்தது. வாசலில் எத்தனையோ பேர் போனார்கள், வந்தார்கள். யாரிடம் போய்க் கேட்பது? வாய் வரவில்லை. அப்படியே உள்ளே போனேன். பால் அலமாரிப் பக்கம் இரண்டு காலும் ஒரே நேரத்தில் பறந்தன.

தூக்கிவிட்டது மூன்றாவது வீட்டு ஹெர்டிஸ். இருபது வருடம் என் பஸ்ஸில் வேலைக்குப் போனவள்.

"என்ன டிரைவரே, வெளிய ஐஸ்ல ஜம்முனு நடந்து வந்துட்டு உள்ள வந்து படுத்துட்டீங்க?"

"கழட்ட முடியல."

"ஏன், யாரையாவது ஒரு தோள் கேக்குறதுக்கு என்ன?"

எலும்பு எதுவும் உடையவில்லை, இடுப்பில் அடி.

சாயங்காலம் இங்வில்ட் கேட்டாள், வழுக்குகிறதா என்று. "ரோட்டுல ஒரு தடவகூட வழுக்கலம்மா" என்றேன். பொய்யில்லை. ஆனால் போனை வைத்த பிறகு ரொட்டி இறங்கவில்லை.

டிசம்பர் 10

இடுப்பு நீலம்.

டிசம்பர் 15

ஆறு நாள் கழித்துப் போனேன். கடைவாசலில் ஹெர்டிஸ் நின்றுகொண்டிருந்தாள். காலில் முள்பட்டை.

"உள்ள போகலையா?"

"தெரிஞ்சவங்க யாராவது வருவாங்களான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எவ்வளவு நேரமா?"

"அத விடுங்க. தோளக் குடுங்க."

என்னை அன்றைக்கு அவ்வளவு கிண்டல் செய்தவள். என் தோளில் கை வைத்து, ஒவ்வொரு காலாகக் கழற்றினாள். பிறகு நான் அவள் தோளைப் பிடித்தேன். கையுறைக்கு அடியில் கோட்டு, கோட்டுக்குள் கம்பளி. இருந்தாலும் ஒரு மனுஷியின் தோள். எட்டு மாதமாக என்னை யாருமே தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

டிசம்பர் 18

பதினொரு மணிக்குப் போனேன். அவளும் அதே நேரத்துக்கு வந்தாள். நேற்றும் அப்படித்தான்.

டிசம்பர் 23

கிறிஸ்துமஸுக்கு இங்வில்ட் வந்திருக்கிறாள். விழுந்ததைச் சொல்லிவிட்டேன். பால் அலமாரி என்றதும் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

"சரின்னு சொன்னீங்களேப்பா."

"சொன்னேன்."

மகளிடம் கொடுத்த வாக்கு. என்ன செய்ய? ஹெர்டிஸிடம் போய்ச் சொன்னேன். "அங்க ஐஸே இருக்காது, நல்லா நடக்கலாம்" என்றாள்.

ஜனவரி 6. ஸ்டவாங்கர்

மழை.

ஜனவரி 19

மழை. இங்கே யாரும் வாசலில் நிற்பதில்லை, நேராக உள்ளே போகிறார்கள். மாப்பிள்ளை நல்லவர், பேரப்பிள்ளைகள் பாவம் சத்தம் போடாமல் விளையாடுகிறார்கள். ஒரு வேலையும் இல்லை எனக்கு. தூரித்திடம் போய் நிற்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 2

ஹெர்டிஸ் போன் செய்தாள். நம்பரை எங்கே பிடித்தாளோ.

"இன்னைக்கு வாசல்ல இருபது நிமிஷம் நின்னேன், டிரைவரே. அப்புறம் ஒரு பொண்ணு வந்து தோள் குடுத்தா."

"நல்லதுதானே."

"நல்ல பொண்ணுதான். ஒசரம் சரியில்ல."

வைத்துவிட்டாள். வந்துவிட வேண்டும் என்றுதான் இங்வில்ட் கேட்டாள். வந்தேன். இருந்துவிடுகிறேன் என்று நான் சொல்லவில்லையே. ட்ரோம்சோவுக்கு எப்போது விமானம் என்று அவளிடம் கேட்டேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"செவ்வாய்க்கெழம இருக்குப்பா. காலையில."