இரண்டு சக்கரமும் வழுக்கிய வளைவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஃபோன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். நானும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அம்மாவுக்குத்தான் கால் வீக்கம் வற்றவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. உன்னோடு அறையில் இருப்பவர் சொல்லிவிட்டார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

வளைவில் விபத்தான உன் மாமாவின் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விட்டுவிட்டார்கள். வாசலில் நிறுத்த மனசு வரவில்லை. நேரே கியர்பாக்ஸ் மேஸ்திரியின் பட்டறைக்கு இழுத்துப்போகச் சொல்லி, பின் ஆக்சிலைப் பிரித்துப் பாருங்கள் என்றேன். "பிரிச்சு என்னம்மா ஆகப்போகுது, போனவர் வரவா போறார்?" என்றார். எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். உன் மாமாவை அடக்கம் செய்த மறுநாளே ஊரைவிட்டுப் போய்விட்டாய். நீ மாட்டிய புது டிஃபரன்ஷியலில் கோளாறா இல்லையா என்று யாராவது பார்க்க வேண்டாமா?

மேஸ்திரி எண்ணெயை வடித்து, உள்ளே இருந்த தட்டுகளைத் துடைத்து மேஜையில் பரப்பினார். ஒன்றும் உடையவில்லை, தேயவில்லை. "உன் தம்பி கை சுத்தமான கைம்மா" என்றார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும், அதற்குத்தான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மட்டும் பம்பரமாய்ச் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். நீ மாட்டியதில் தட்டுகள் இறுக்கிப் பிடித்து, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கும் விசையைக் கொடுக்கும். மருந்துப் பெட்டிகளோடு மலைப்பாதைச் சேற்றில் நின்று நின்று அலுத்துப்போய்த்தானே இதை மாட்டச் சொல்லி உன் மாமா உன்னைப் பிடுங்கி எடுத்தார்? மாட்டிய பிறகு முதல் மழையில் போய்வந்து, "வண்டி ஆடு மாதிரி ஏறுதுடி!" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

மீதியையும் எழுதுகிறேன். நான் மறைத்தால் உனக்குத் தெரியாமலா போகும்? நனைந்த வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், பழையதில் உள்சக்கரம்தான் வழுக்கும். மற்றது பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். இதில் இரண்டும் சேர்ந்தே பிடியை விட்டுவிடுமாம், வண்டியின் பின்பக்கம் வெளியே வீசுமாம். பழையதே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். மேஸ்திரி கையைத் துடைத்துவிட்டுப் பின் டயரைத் தடவிக் காட்டினார். "இருக்கலாம்மா. ஆனா டயரும் வழுவழுன்னு இருக்கு பாரு" என்றார்.

நீ உன் மாமாவிடம் சொன்னதை நான் ஜன்னலிலிருந்து கேட்டேன். "மாமா, ஈரத்துல பாதி வளைவுல மிதிக்காதீங்க. வண்டி நேரானப்புறம் மிதிங்க. முதல்ல டயர மாத்துங்க." அவர் சிரித்தார். "எனக்கே ஓட்டச் சொல்லித் தர்றியாடா?" என்று உன் முதுகில் தட்டினார். இதை அவருடைய அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் அதை மாட்டாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

எனக்குக் கோபமே இல்லை என்று பொய் எழுத மாட்டேன். சில நாள் உன் மாமா மேல் வருகிறது, சில நாள் உன் மேல். சாப்பிட உட்கார்ந்தால் வரும், கை கழுவும்போது போய்விடும். அது என் பாடு. அதற்காக நீ உன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நீ வேலைக்குப் போவதில்லையாம், உன் அறைக்காரர் சொன்னார். தட்டில் வைத்தது அப்படியே கிடக்கிறதாம். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாயாம், கூப்பிட்டாலும் திரும்புவதில்லையாம். மாடிக் கதவைப் பூட்டி வைக்கும்படி நான்தான் அவரிடம் சொன்னேன். அவரோடு சண்டை போடாதே.

இங்கே ஃபோன் மணி அடித்தால் குட்டிதான் ஓடிப்போய் எடுக்கிறாள். உன்னைப் பற்றி என்ன சேதி வருமோ என்று எனக்குக் கை போவதில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் நீயே கூப்பிடு. உனக்குப் பதில் வேறு யாரும் பேசக் கூடாது. பேச்சு வராவிட்டால் சும்மா இருமு, போதும். நீதான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உனக்கு ஆயுசு கெட்டியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா