லண்டனிலிருந்து வந்த கடிதம்

அன்பு மருமகளுக்கு,

லண்டனில் படிக்க உனக்கு உதவித்தொகை கிடைக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பார்த்ததும் உன் அம்மா, தான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் மகனுக்கு உன்னைப் பேசி மாற்றிய தட்டையே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கம்பெனி முதலாளி அவளுக்குச் சால்வை போர்த்தி, "எம்புட்டு அறிவான புள்ளயப் பெத்திருக்கீக!" என்றார். இருக்கன்குடி மாரியம்மனுக்குத் தீச்சட்டியும் எடுத்துவிட்டாள். சாத்தூர் வரைக்கும் உன் படம் போட்டு நான் அடித்த போஸ்டர்தான்.

"எனக்கு மெயில் எதுவும் வரலையே மாமா" என்று நேற்று போனில் கேட்டாய். மெஷின் சத்தம் என்று வைத்துவிட்டேன்.

கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி நீதானே அழுதாய், தாயி? அடுத்த மாதம் நடக்கும் உதவித்தொகை இண்டர்வியூவில் எப்படியாவது ஜெயித்துவிடு. இனி வேறு வழி இல்லை.

அந்தக் கடிதத்தை நம்ம பிரஸ்ஸில் நான்தான் அடித்தேன். முத்திரை மட்டும் தங்க மையில்.

உன் மாமன்