பேத்தியின் நெஞ்சில் ஒரு கட்டு

என் அன்பு நைனா,

உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். இருபத்து மூன்று நாள் ஆகிறது. கடல் உன்னைக் கொண்டுபோய் ஆறு மாதம் கழித்து வந்தவள். மூக்கு அப்படியே உன்னுடையது.

ஆனால் நடு நெஞ்சில் எலும்பு சேரவில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்கின்றன. நடுவில் வெறும் தோல். அழுதால் அதற்கடியில் இதயம் எழும்பி எழும்பித் தெரிகிறது. பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தில் ஃபிட்டர் நான். மூடி கழன்ற எந்திரத்தைப் பார்த்தாலே கை நிற்காது. இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

"கட்டுமரம் கட்ற மாதிரி சுத்திக் கட்னா தானா சேந்துக்கும்டா" என்று அம்மா உன் வேட்டியைக் கிழித்துச் சுற்றினாள். தளர்வாகத்தான். அவள் தண்ணீருக்குப் போன நேரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. அவிழ்த்து, எலும்பும் எலும்பும் தொடும்வரை இறுக்கி முடிந்தேன். குழந்தை நீலம் பாரித்துவிட்டது. என் பெண்டாட்டி கன்னியம்மா ஓடி வந்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"உங்கம்மா கட்ன கட்டு கொயந்தைய கொல்லப் பாத்துச்சு!"

குடத்தோடு வந்த அம்மா, "நா லூசாத்தான கட்னேன்" என்று என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா குழந்தையைத் தொடுவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "எலும்பு இப்ப இளசு. இழுத்துத் தைச்சிடலாம். நாள் போனா விறைச்சிடும், அப்புறம் மூடினா இதயத்துக்கு இடம் போதாது. ஆனா நான் இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பண்ணதில்ல, படிச்சதுதான்." கொஞ்சம் இழுத்து, நாடி பார்த்து, பொறுத்து, பிறகுதான் அடுத்த தையலாம். நாளைக் காலைக்குள் இருவரும் சம்மதம் சொல்ல வேண்டும்.

கன்னியம்மா மாட்டேன் என்கிறாள். "துணில கட்னதுக்கே இன்னா ஆச்சு, பாத்தல்ல? கத்தி வச்சி வேற இழுக்கணுமா? போய் ஒன் மிசின திருகு, போய்யா!"

உண்மையைச் சொன்னால் என்னை நம்ப மாட்டாள். நான் நம்பச் சொல்லும் டாக்டரையும் நம்ப மாட்டாள். சொல்லாவிட்டால், மெதுவாகக் கட்டினாலும் குழந்தை செத்துவிடும் என்றே இருப்பாள். எந்தப் பக்கம் திரும்புவேன், நைனா?

ஷிப்டு முடிந்ததும் நேராக வீட்டுக்குத்தான். அம்மாவையும் அவளையும் எதிரில் வைத்துக்கொண்டு, அந்த முடிச்சு என்னுடையது என்று சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். பிறகு டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொல்வேன், அவள் எத்தனை தடவை கேட்டாலும், அவசரப்படாமல். உன்மேல் சத்தியம்.

உன் மூத்த பிள்ளை,
அவளுக்கு அப்பன்