முதலாம் அத்தியாயத்தோடு வாங்கோ

செவ்வாய்க்கிழமை, இரவு.

பின்னேரம் ஒரு மாணவனின் முதுமாணி ஆய்வேட்டைப் பிரதி எடுக்கத் துறைமுகப் பக்கத்துக் கடைக்குப் போனேன். பிரதி இயந்திரத்தடியில் தர்சினி வேலைக்கு நின்றாள். சல்லிக் கிராமத்துப் பிள்ளை, என்னிடம் படித்த கெட்டிக்காரி. முதுமாணிப் படிப்பை இடையில் விட்டுவிட்டாளாம்.

"தொடக்கத்திலேயே என்னட்டை வந்திருக்கலாமே, பிள்ளை. ஆய்வேடு எழுதப் பழக்கிறதுதானே என்ர வேலை."

"வந்தனான், மிஸ்," என்றாள். "எங்கயிருந்து தொடங்கிறதெண்டு கேட்டனான். முதலாம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டு வாங்கோ, பிறகு கதைப்பம் எண்டு சொன்னீங்கள். அதைத்தான் எனக்கு எழுத ஏலாமல் போச்சு."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

தாள்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தவள் நன்றியுரையில் நின்றாள். முதல் நாளிலிருந்தே கூட இருந்து வழிகாட்டியதாக அந்த மாணவன் என் பெயரை எழுதியிருந்தான்.

"இவருக்கு முதலே உதவினீங்களோ, மிஸ்?"

"ஓம்" என்றேன். அவன் என் சிநேகிதியின் மகன் என்று சொல்லவில்லை.

அவள் என்னிடம் வந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது. கதிரையில் இருக்கச் சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை.