நீதிமன்றச் சுவருக்கு மூச்சு வந்தது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நூலகச் சுவரும் சுகம். பழைய நீதிமன்றக் கட்டடத்தை இடிக்க வேண்டாம் என்று நேற்று உத்தரவு வந்துவிட்டது. நூலகம் அங்கேயே இருக்கும், என் வேலையும் இருக்கும். போனிலேயே சொல்லியிருப்பேன், பாதியில் அழுதிருப்பேன், நீ ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாய். அதனால்தான் கடிதம்.

அந்தக் கட்டடத்தின் நூறாவது ஆண்டுக்காக ஊரே கூடி அதற்குப் புதுச்சட்டை போட்ட நாளை நீ மறந்திருக்க மாட்டாய். பழைய சுண்ணாம்புப் பூச்சின்மேல் அப்பா தன் கையால் சிமென்ட் பூசினார், கூலி வாங்காமல். நீ அத்தனை பேர் முன்னால், "சுவர் மூச்சு விடணும்ப்பா, இப்படிப் பூசினா உள்ளேயே ஈரம் தங்கிடும்" என்றாய். "நேத்து பூச்சுக் கரண்டி பிடிச்சவன் எனக்குச் சொல்லித் தர்றியா" என்றார் அவர். அடுத்த வாரமே நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். இருவருக்கும் கோபம் மூக்கின்மேல்தான் இருக்கிறது, எந்த மூக்கு என்றுதான் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே அச்சு.

இரண்டு மழைக்காலத்தில் சுவர் ஊதிப்போனது. பழைய லாக்கப் அறையில் அடுக்கியிருந்த குழந்தைகள் புத்தகமெல்லாம் பூஞ்சை பிடித்தது. பொறியாளர் வந்து பார்த்து, ஆபத்து, இடித்துவிடலாம் என்று எழுதிப் போனார். அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. சிமென்டை முழுக்க உரித்துவிட்டுக் கோடை முழுதும் காயவிடுங்கள், பிறகு சுண்ணாம்பு மட்டும் பூசுங்கள் என்று பொறுமையாகச் சொன்னாய். அந்தப் பொறுமைக்கே உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அதை அப்பாவிடம் யார் சொல்வது? அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, அடுப்படியில் நின்று அம்மாவிடம் உரக்கச் சொன்னேன். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் "என்ன, என்ன" என்று கேட்டு என்னை இரண்டு தடவை சொல்ல வைத்தாள். அப்பா தலை நிமிரவே இல்லை. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார், அவ்வளவுதான்.

மறுநாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்தார். "பூசினவன் நான், நானே உரிச்சுத் தர்றேன். அப்புறம் இடிக்கிறதா வேண்டாமான்னு பாருங்க" என்றார். பொறியாளரும் நல்ல மனிதர், கோடை முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார். முதல் நாள் அப்பா தனியாக உளியும் சுத்தியலுமாக நின்றார். பிறகு தையல்காரர் வந்தார், சைக்கிள் கடைக்காரர் வந்தார், என் வாசகர்கள் பாதிப் பேர் வந்தார்கள். புத்தகத்தைத் திருப்பித் தராமல் ஒளிந்து திரிந்தவர்கள்கூட வந்தார்கள்.

உரித்த இடத்தில், கிழக்குச் சுவரில் அந்தக் காலத்திலேயே அடைத்துவைத்த சன்னல் ஒன்று தெரிந்தது. கோர்ட் நடந்த நாளில் உள்ளே இடம் இல்லாதவர்களை வெளியே நிறுத்தி, அதன் வழியாகத்தான் தீர்ப்பு சொல்வார்களாம். "எங்க தாத்தா ஆடு திருடின வழக்கு இந்தச் சன்னல்லதான் முடிஞ்சுது" என்று சைக்கிள் கடைக்காரர் பட்டம் வாங்கியதுபோல் சொல்லித் திரிகிறார். சன்னலைத் திறந்துவிட்டோம். இப்போது என் மேசைக்குக் காலை வெயில் வருகிறது.

நீ சொன்னபடியே எல்லாம் நடந்தது, தம்பி. அந்தச் சுவர் நிற்பது உன்னால். ஊரில் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள், அப்பாவைத் தவிர. ஆனால் ஒன்று எழுத வேண்டும். பூச்சு முடிந்து சாரத்தை எல்லாம் பிரித்தாகிவிட்டது. முன்வாசல் வலப்பக்கத் தூண் மட்டும் செங்கல் தெரிய நிற்கிறது, அதைச் சுற்றிச் சாரமும் அப்படியே இருக்கிறது. ஏன் என்று அப்பாவிடம் கேட்டால், "அது ஆள் வந்து செய்யவேண்டிய வேலை" என்கிறார். எந்த ஆள் என்று யாரும் கேட்பதில்லை. மீந்த சுண்ணாம்பு இறுகிவிடாமல் இருக்க, தினமும் காலையில் போய்த் தொட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார்.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். லீவு கேட்டுப் பார், சாமி.

என்றும் உன் நலம் வேண்டும்
அக்கா