நீ சொன்ன அட்ஜஸ்ட்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி, புதிதாக வந்த இரண்டாவது தையல் மிஷின், நால்வரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பதாக எழுது, நான் நம்புகிற மாதிரி எழுது. என் கையும் காலும் மிஷினில் இருப்பதால், நான் சொல்லச் சொல்லத் தங்கச்சிதான் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தை விட்டாலும் கையெழுத்தை விடவில்லை.

உன் கட்டில் இருந்த இடத்தில் மிஷினைப் போட்டுவிட்டோம் என்று போனில் சொன்னதும், "பரவாயில்லம்மா, லீவுக்கு வந்தா ஃப்ரெண்டு வீட்டுல தங்கி அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்றாய். அன்றிலிருந்து அந்தச் சொல் என் விரலில் ஏறிய ஊசியாக நிற்கிறது. பஸ்ஸில் இருவர் சீட்டில் மூன்றாவதாக உட்கார வருகிறவர் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்கிறார். உடம்பு போட்டுவிட்ட நர்ஸம்மா, தையலைப் பிரித்துப் பெரிதாக்க உள்ளே துணியே இல்லாத சட்டையை நீட்டி "அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்கக்கா" என்கிறாள். குழாயை ஒழுகவிட்டுப் போன பிளம்பரும் வாளியை வைத்து அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னார். எல்லோரும் அடுத்தவரைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள், நீ ஒருத்திதான் உனக்கே சொல்லிக்கொள்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

துணி தைக்க வந்த இங்கிலீஷ் டீச்சரிடம் அர்த்தம் கேட்டேன். அளவுக்குக் கையைத் தூக்கியபடியே, பொருத்துவது, சரிப்படுத்துவது என்றார். லத்தீனில் 'பக்கத்தில்' என்கிற சொல்தான் அதற்கு வேராம், ஆதியில் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது என்று அர்த்தமாம். கையை இறக்கச் சொல்லவே மறந்துபோனேன். உள்ளேயிருந்து அப்பா, "அப்போ தூரமாப் போய்த் தங்கறதுக்கு அந்த வார்த்தை செல்லாது, மிஷினை நகர்த்து" என்றார்.

அன்றே அப்பாவும் தங்கச்சியும் அதைக் குளியலறைக் கதவோரம் தள்ளிவிட்டார்கள். இப்போது யார் குளிக்கப் போனாலும் நான் ஸ்டூலோடு எழுந்து வழிவிட வேண்டும். அப்பா தோளில் துண்டோடு, நான் தையலை முடிக்கும்வரை காத்து நிற்கிறார். கட்டிலுக்கு இன்னும் இடம் போதவில்லை, நீயும் நானும் தங்கச்சியும் ஒட்டிப் படுக்கத் தரை இருக்கிறது. டிக்கெட் போட்டதும் சொல்லு. நோய்நொடி இல்லாமல் நீ நிறைவாக இருக்க வேண்டும். பட்டன் அறுந்த சட்டைகளை மறக்காமல் எடுத்துவா.

இப்படிக்கு,
கால் ஓயாத உன் அம்மா

அக்கா, அம்மா குறட்டை விடுகிற பக்கத்தில் நான் படுத்துக்கொள்கிறேன், நீ வந்தால் போதும். அம்மாவுக்குப் படித்துக்காட்டும்போது இந்த வரியை மட்டும் விட்டுவிடுவேன்.